கண்ணுக்குத் தெரியாத பன்னிரண்டு சி

ஆடி மாதம் பதினோராம் தேதி பகல் பதினொன்றேகால் மணிக்கு, தென்காசியிலிருந்து ஆனைச்சுனைக்குப் போகும் பன்னிரண்டு சி டவுன் பஸ் கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஆனாலும் மயிலப்பொத்தை விலக்கு நிறுத்தத்துக்கு அது நேரத்துக்கு வந்து சேர்ந்தது. எப்போதும் பத்து நிமிஷம் பிந்தி வருகிற வண்டி அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதே என்பதைத்தான் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் பேசிக்கொண்டார்கள். பிரேக் கிறீச்சிட்டது, டீசல் சூட்டோடு ஒரு காற்று எல்லார் முகத்திலும் அடித்தது, பிறகு ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு கால் கீழே இறங்கியது, அதன் பின்னால் சேலைக் கொசுவம், அதன் பின்னால் பீடித்தட்டு, கடைசியில் முழுசாகச் சண்முகக்கனி. அவள் திரும்பிப் பார்த்தாள். தான் இறங்கின பஸ்ஸைக் காணவில்லை.

"ஏ மாசானம், என் தூக்குவாளி உள்ள கெடக்கு" என்றாள்.

காற்றுக்குள்ளிருந்து கண்டக்டர் மாசானத்தின் கை மட்டும் நீண்டு தூக்குவாளியைக் கொடுத்தது. அவள் வாங்கிக்கொண்டாள். விசில் கேட்டது. சாலையோரச் சூரியகாந்திப் பூக்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர, பஸ் மேற்கே போய்விட்டது என்று எல்லாருக்கும் விளங்கியது.

இதைச் செய்தவள் செண்பகவடிவு. தென்காசியில் ஓர் உரக்கடைக்கு மேலே, ஒரு ஃபேனும் இரண்டு கம்ப்யூட்டரும் உள்ள ஒற்றை அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களைச் சுத்தம் செய்வது அவள் தொழில். மணமேடைக்குக் குறுக்கே ஓடின நாயையும், ஊர்வலத்தில் வேட்டி அவிழ ஆடின சித்தப்பாவையும், மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் பறந்து போன பிளாஸ்டிக் பையையும், யாரும் அழைக்காமல் வந்து எல்லாப் படத்திலும் நின்றுவிட்டுப் போன பழைய பகையாளியையும் அவள் தடம் தெரியாமல் எடுத்துவிடுவாள். நிற்கிற பொருளை எடுப்பது சுலபம். நகர்கிற பொருளை எடுக்கத்தான் பொறுமை வேண்டும். அது போகிற இடமெல்லாம் கூடவே போக வேண்டும், அது திரும்பினால் திரும்ப வேண்டும், அது விட்டுப்போன பள்ளத்தை முன்னும் பின்னும் உள்ள பிரேம்களிலிருந்து எடுத்த மண்ணாலும் இலையாலும் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். வடிவுக்கு அந்தப் பொறுமை இருந்தது. இருபத்திரண்டு வயதில் சிவகிரிக்கு வாழப்போய் எட்டே மாதத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். வாழாவெட்டி என்று ஊர் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. அவளுடைய தம்பியின் கல்யாணத்தில், எல்லாரும் சேர்ந்து படம் எடுக்க நின்றபோது, அபசகுனம் என்று யாரும் சொல்வதற்கு முன்னாலேயே அவள் கேமராக்காரருக்குப் பின்னால் போய் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அந்தப் பக்கம் போனவள்தான், பதினாறு வருஷமாகத் திரும்பி வரவில்லை. தொழிலையும் அங்கேயே கற்றுக்கொண்டாள்.

ஆடி பிறந்ததும் ஒரு புதுப்பெண் அவளிடம் வந்தாள். பெயர் சங்கரி. மயிலப்பொத்தைக்குப் பக்கத்தில் பூத்துக் கிடக்கிற சூரியகாந்தித் தோட்டத்தில் அவளும் அவள் மாப்பிள்ளையும் கைகோர்த்து நிற்க, பதினோரு விநாடி எடுத்த வீடியோ அது. சாரல் வெயில், மஞ்சள் கடல், தூரத்தில் மலை. அந்தப் பதினோரு விநாடியும் அவர்களுக்குப் பின்னால் பன்னிரண்டு சி ஊர்ந்து போகிறது. ஜன்னல் ஜன்னலாகப் பீடி சுற்றுகிற பெண்கள் தலையை நீட்டிச் சிரிக்கிறார்கள்.

"அக்கா, அந்தப் பஸ்ஸு மட்டும் வேண்டாம்க்கா. பாக்கதுக்கு வெளிநாடு மாதிரி இருக்கணும்னு அவுக சொல்லுதாக."

"உன்னைப் பாத்துத்தாண்டி எல்லாரும் சந்தோசமாச் சிரிக்காங்க. நல்லாத்தான இருக்கு?"

"அதான்க்கா வேண்டாங்கேன். எல்லாரும் பாக்காங்க."

வடிவுக்கு அது விளங்கியது. வேறொன்றும் கேட்காமல் வேலையை எடுத்துக்கொண்டாள். முதல் பிரேமில் பஸ்ஸைச் சுற்றிக் கோடு போட்டு, இதைப் பிடித்துக்கொண்டே போ என்று கம்ப்யூட்டரிடம் சொன்னாள். அது பஸ்ஸின் மூலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், பூவுக்குள் தவறவிடும், அவள் திரும்பப் பிடித்துக் கொடுப்பாள். இப்படி இருநூற்று எழுபத்தைந்து பிரேம். பஸ்ஸை எடுத்தாள், அதன் நிழலை எடுத்தாள், அதன் பின்னால் எழுந்த புழுதியை எடுத்தாள். பஸ் காற்றுக்குப் பூக்கள் சாய்ந்து நிமிர்வதை மட்டும், அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். சத்தத்தில் அவள் கையே வைக்கவில்லை. அதன் மேல் பாட்டு வரப்போகிறது. ஆடி பதினொன்று, பதினொன்றேகால் மணிக்கு, முடிந்தது என்று கடைசிப் பொத்தானை அமுக்கினாள்.

அதுவரை அவள் ஆயிரம் பொருளை எடுத்திருப்பாள், ஒன்றும் ஆனதில்லை. இது மட்டும் ஏன் இப்படி ஆனது என்று, அவள் செய்ததுதான் என்று தெரிந்த பின்னாலும், யாருக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு அவள் காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான் என்றார்கள் சிலர். வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்தால் இப்படித்தான் ஆகும் என்றார் டீக்கடைக்காரர். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை, ஏனென்றால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தெரியாத பஸ்ஸைப் பிடிக்க ஊர் மூன்றே நாளில் கற்றுக்கொண்டது. கிழக்கே பூ சாயத் தொடங்கினால் எழுந்து வேட்டியை உதறிக்கொள்ள வேண்டும். ஹார்ன் கேட்டால் கையைக் காட்ட வேண்டும். முகத்தில் சூடு அடித்ததும் இடது காலைத் தூக்கி வைத்தால் படிக்கட்டு அங்கே இருக்கும். ஏறினவுடன் எல்லாம் பழையபடி தெரியும்: கிழிந்த சீட்டு, கம்பி, டிரைவர் தலைக்கு மேலே வாடின மாலை, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் ஒன்றுமில்லை. ஆனால் பஸ்ஸுக்கு வெளியே நீட்டியதெல்லாம் தெரிந்தது. அதனால் தினமும் காலையில் எட்டு நாற்பதுக்கு ஒரு வரிசை முழங்கைகள் ஆள் உயரத்துக்கு மேலே வயலோரமாகப் பறந்து போவதையும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சடை ரிப்பன்கள் அவற்றுக்குப் பின்னால் துடிப்பதையும், கூரைமேல் உட்கார்ந்த காக்கை ஒன்று இறக்கையை அசைக்காமல் ஆனைச்சுனை வரைக்கும் பயணம் செய்வதையும் வயலில் நின்றவர்கள் கண்டார்கள். கண்டார்கள், குனிந்து களையெடுத்தார்கள். வெளியூர்க்காரர்கள் யாராவது வாயைப் பிளந்தால், "அது பன்னெண்டு சி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

எட்டாம் நாள் மாசானத்தின் செல்போனுக்குச் சங்கரியின் கல்யாண வீடியோ வந்தது. டிரிப் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் அதை டிரைவர் தீத்தாரப்பனிடம் காட்டினார்.

"இதுல பாருங்க. வண்டி இல்ல, பூ மட்டும் சாயுது. இந்த எடத்துல நம்ம வண்டில்லா போகணும்?"

தீத்தாரப்பனுக்கு நாற்பத்து நாலு வயது. மனைவி செத்து ஐந்து வருஷம். பேசுவதற்கு முன்னால் யாரையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்கிற பழக்கம் உள்ளவர். வீடியோவைச் செய்தது யார் என்று விசாரித்துக்கொண்டு இரண்டு பேரும் உரக்கடை மாடி ஏறி வந்து வாசலில் நின்றார்கள்.

"எம்மா, எங்க வண்டியை எங்க வச்சிருக்க?" என்றார் தீத்தாரப்பன்.

கோபமில்லாமல் கேட்டதால் வடிவுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் காதில் விழுந்ததெல்லாம் அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் சேர்ந்து விளங்கியது. "தெரியாமச் செஞ்சிட்டேன். பழைய வீடியோ எங்கிட்டதான் இருக்கு. இப்பவே திரும்ப வச்சிருதேன்" என்று நாற்காலியை இழுத்தாள்.

"வைக்கலாம். அதுக்கு முன்ன ஒரு தடவை ஏறிப் பாரு. உள்ள சனம் வேற மாதிரி ஆயிட்டு. அது என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

மறுநாள் காலை அவள் ஏறினாள். படியில் கால் வைத்து உள்ளே தலையை நீட்டியதும் முதலில் கேட்டது சிரிப்பு. தெருவில் பெண்கள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு இல்லை இது. தொண்டையைத் திறந்துவிட்ட சிரிப்பு. புருஷன் செத்து ஒன்பது வருஷமான சண்முகக்கனி தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாவது சீட்டில், வரப்புத் தகராறில் பதினான்கு வருஷமாக முகம் பார்க்காத அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு பொட்டலம் கடலையை நடுவில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனைச்சுனைப் பள்ளிக்கூடத்தின் கண்டிப்பான கணக்கு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு தாலாட்டு ஒன்றைத் தனக்குத்தானே பாடிக்கொண்டு வந்தார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லாரும் இப்படியா வாராங்க?" என்று வடிவு மாசானத்திடம் கேட்டாள்.

"மொத நாளு ஒண்ணுமில்லம்மா. ரெண்டாம் நாளு அந்தக் கனியக்கா ஜன்னல் வழியாப் பாத்துச்சு. தெருவே இந்தப் பக்கம் பாக்கு, ஆனா ஒருத்தனும் தன்னைப் பாக்கல. ஒடனே பக்கத்துல இருந்த பிள்ளைகிட்டப் பூவை வாங்கித் தலையில வச்சிட்டு. அங்கேருந்துதான் ஆரம்பிச்சுது."

விலக்கு வருவதற்கு முன்னால் சண்முகக்கனி பூவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அண்ணன் முன்வாசலிலும் தம்பி பின்வாசலிலும் இறங்கி, ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல நடந்து போனார்கள். வாத்தியார் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு முகத்தை இறுக்கினார்.

வடிவு அன்றைக்கு வீடு திரும்பிப் பஸ்ஸைத் திரும்ப வைக்கவில்லை. இன்னொரு நாள் பார்த்துவிட்டு வைக்கலாம் என்று நினைத்தாள். மறுநாளும் ஏறினாள். அடுத்த நாளும் ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட் அவளுக்கென்று ஆனது. பதினாறு வருஷமாக மற்றவர்கள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், இப்போது யாரும் பார்க்காத இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஜன்னல் காற்றில் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு போனாள். தீத்தாரப்பன் கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே பேசுவார். மழைக்கு எந்த ஓடைப்பாலம் முதலில் முழுகும் என்று சொல்வார், எந்த ஆடு வேண்டுமென்றே குறுக்கே வரும் என்று சொல்வார். அவள் வீடியோவிலிருந்து எடுத்துவிட்ட பொருள்களைப் பற்றிச் சொல்லுவாள், அவர் தோள் குலுங்கச் சிரிப்பார். மாசானத்தை அவள் அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். தீத்தாரப்பனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே பேச்சைத் தொடங்கினாள். இதைக் கவனித்தவர்கள் அந்தப் பஸ்ஸுக்குள் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர்கூட வெளியே போய்ச் சொல்லவில்லை.

டெப்போவின் கிளை மேலாளர் ஆவணி பிறந்த வாரத்தில் ஃபைலோடு வந்தார். நல்ல மனுஷர்தான். சத்தம் வந்த இடத்தில் கையை நீட்டி, மாடு வாங்குகிறவர் மாட்டைத் தடவுவது போலப் பஸ்ஸைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். ரேடியேட்டரில் கை சுட்டுக்கொண்டதும் நம்பிக்கை வந்தது.

"வண்டி இருக்கு. அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா நம்பர் பிளேட்டு தெரியலையே, எஃப்.சி. சர்டிபிகேட்டு எப்படிய்யா வாங்குறது? ஆவணி முடியுறதுக்குள்ள வண்டி கண்ணுக்குத் தெரியணும். இல்லேன்னா தடத்தை ரத்து பண்ணித்தான் ஆகணும். எனக்கு மேலயும் ஆள் இருக்காங்க" என்றார். பாவம், அவருக்கே அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது. போகும்போது படிக்கட்டு இருந்த திசையைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரமே சூரியகாந்தியை அறுக்கத் தொடங்கினார்கள். மஞ்சள் கடல் வடிந்து, இரண்டு பக்கமும் வெறும் கட்டையும் கரிசலும் ஆனது. சாய்ந்து காட்டப் பூவில்லாமல் போனதும் பஸ் வருவது தெரியவில்லை. எதிரே செங்கல் ஏற்றிக்கொண்டு வந்த லாரி டிரைவருக்கு ஹார்ன் கேட்டது, ஆனால் ரோடு காலியாக இருந்தது. பின்னால் யாரோ அடிக்கிறார்கள் என்று நினைத்து அவர் நேராக வந்தார். தீத்தாரப்பன் கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்து அறுத்த வயலுக்குள் இறக்கினார். லாரி டிரைவர் இறங்கிப் பார்த்தபோது வயலில் இரண்டு ஆழமான தடங்கள் தானாகக் கீறிக்கொண்டு போய் நின்றன, அதன் முனையில் காற்றிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்து அவரைத் திட்டினார்கள். மாசானத்துக்கு முன்பல் ஒன்று போயிருந்தது. கணக்கு வாத்தியாருக்கு நெற்றியில் ரத்தம். வேறு யாருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை.

பஸ்ஸைத் தள்ளி ரோட்டில் ஏற்றின பிறகு எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். வடிவு எழுந்து நின்றாள்.

"இனிமே தள்ளிப்போட முடியாது. நான் வண்டியைத் திரும்ப வச்சிருதேன்."

அண்ணனும் தம்பியும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சண்முகக்கனி அவள் கையைப் பிடித்தாள்.

"வைக்க வேண்டியதுதான். உசிரு பெரிசுல்லா. ஆனா தாயி, ஒரு நாளைக்கு முக்கா மணி நேரந்தான் நான் இங்கன நானா இருக்கேன். எங்களைத் திரும்ப ஊருக்குக் காட்டிக் குடுத்துராத."

"வண்டி தெரிஞ்சா நீங்களும் தெரிவீங்களே அக்கா. நான் என்ன செய்ய?"

"அது எனக்குத் தெரியாது. நீதான வேலை தெரிஞ்சவ?"

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கின பிறகும் வடிவு உட்கார்ந்திருந்தாள். தீத்தாரப்பன் இஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்லுதீய? உங்களுக்கு வண்டி தெரியணுமா, வேண்டாமா?"

அவர் அவளைப் பார்த்தார். "எனக்குத் தெரியணும். எம்மக முப்பிடாதி ஆறாங்கிளாஸ் படிக்கா. ரோட்டு மேலதான் பள்ளிக்கூடம். தெனமும் மூணு நாப்பதுக்கு நான் அந்த வழியாப் போவேன், மதிலு மேல ஏறி நின்னு கையைக் காட்டுவா. ஒரு மாசமா அவ பூவைப் பாத்துத்தான் காட்டுதா. நானும் இங்கேருந்து காட்டிட்டுத்தான் போறேன். நேத்து கேக்கா, 'எப்பா, நீ போறது எனக்குத் தெரியுது. நீ என்னைப் பாக்கியா இல்லையான்னு எப்படித் தெரியும்?'ங்கா. இப்ப பூவும் போயிட்டு." ஸ்டியரிங்கைத் தடவினார். "ஆனா கனியக்கா சொல்லுததும் ஞாயந்தான்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வடிவு காலையிலேயே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய வீடியோவைத் திறந்தாள். அவள் எடுத்துப் போட்ட பஸ் அப்படியே ஜன்னல் நிறையச் சிரிப்போடு அதில் போய்க்கொண்டிருந்தது. திரும்ப வைப்பதற்கு ஒரே பொத்தான் போதும். அந்தப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டு, முதல் பிரேமுக்குப் போய், பஸ்ஸைச் சுற்றிக் கோடு போட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு ஜன்னலையும் சுற்றித் தனித்தனியாக ஒரு கோடு போட்டாள்.

இரண்டு பகல் ஆனது. பதினோரு ஜன்னல், இருநூற்று எழுபத்தைந்து பிரேம். பஸ் குழியில் இறங்கும்போது ஜன்னல்களும் இறங்கின, கம்ப்யூட்டர் தவறவிட்டது, அவள் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தாள். கூரையை வைத்தாள், சக்கரத்தை வைத்தாள், நிழலை வைத்தாள், புழுதியைக்கூட ஒரு துளி விடாமல் வைத்தாள். ஜன்னல்களில் மட்டும், முகங்கள் இருந்த இடத்தில், பூவை அப்படியே இருக்க விட்டாள். டிரைவருக்கு முன்னால் உள்ள பெரிய கண்ணாடிக்கு வந்தபோது அதைச் சுற்றிக் கோடு போடவில்லை. அதைத் துடைத்து வைத்தது போலத் தெளிவாக விட்டாள். நூற்று நாற்பதாவது பிரேமில் தீத்தாரப்பன் தலையைத் திருப்பி, தோட்டத்துக்குள் நின்ற புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துச் சிரித்திருந்தார். முதல் தடவை எடுத்தபோது அது அவள் கண்ணில் படவே இல்லை. இப்போது அந்தப் பிரேமில் வேலை ஒன்றும் இல்லாதபோதும் அவளுக்கு அதைத் தாண்ட அதிக நேரம் ஆனது.

வியாழக்கிழமை காலை எட்டு முப்பத்தைந்துக்குப் பன்னிரண்டு சி கிழக்கேயிருந்து வந்தது, எல்லாரும் பார்த்தார்கள். "இவ்வளவு அழுக்காவா இருந்துச்சு இது?" என்றார் டீக்கடைக்காரர். பக்கத்தில் வந்ததும்தான் ஜன்னல்களைக் கண்டார்கள். பதினோரு ஜன்னலிலும் சூரியகாந்தி பூத்திருந்தது. வண்டி ஓட ஓட அந்தப் பூக்கள் சாய்ந்தன, நின்றதும் நிமிர்ந்தன. இரண்டு பக்கமும் கரிசல் வெறிச்சென்று கிடக்க, ஒரு தோட்டம் மட்டும் நடுரோட்டில் நின்று ஹார்ன் அடித்தது. கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் பூவுக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கிளை மேலாளர் மறுநாளே வந்து நம்பர் பிளேட்டைத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஜன்னல்ல அது என்னய்யா?" என்றார்.

"விளம்பரம் சார்" என்றார் பல் போன மாசானம்.

"எதுக்கு விளம்பரம்?"

"பூவுக்கு சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். ஃபைலில் விளம்பரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கரியின் செல்போனில் இருந்த வீடியோவும் தானாக மாறிவிட்டிருந்தது. திரும்ப எடுத்துக் கொடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. பஹ்ரைனில் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற கூட்டாளிகள் இந்தப் பஸ் எந்த ஊரில் ஓடுகிறது என்று கேட்கிறார்கள் என்று மட்டும் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வடிவு மூன்று நாள் பஸ் பக்கம் போகவில்லை. அவள் வேலை முடிந்துவிட்டது, இனி ஏறுவதற்கு ஒரு காரணமும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான்காம் நாள் மயிலப்பொத்தையில் ஒரு நிச்சயதார்த்த வீடியோவைக் கொடுக்கப் போகவேண்டி வந்தது. கொடுத்துவிட்டு, பகல் மூன்றரைக்கு விலக்கில் வந்து நின்றாள். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சிவகிரியிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த அதே பார்வைதான்.

பஸ் வந்து நின்றது. முன்வாசலில் ஏறினாள். அவளுடைய முதல் சீட்டைச் சண்முகக்கனி துண்டு போட்டு வைத்திருந்தாள். தலையில் இன்றைக்குப் பிச்சிப்பூ.

"மூணு நாளா எங்கட்டி போன? இந்தா, உன் எடம்."

வடிவு துண்டைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். பிறகு முன்னால் போய், டிரைவருக்குப் பக்கத்தில், இஞ்சின் பெட்டிக்கு இந்தப் பக்கம் பெரிய கண்ணாடியை ஒட்டியிருந்த ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்தாள். தெளிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீக்கடை முழுசாகத் தெரிந்தது. டீக்கடைக்கும் அவள் முழுசாகத் தெரிந்தாள். ஒருவர் கிளாஸை வாய்வரை கொண்டுபோய் அப்படியே நிறுத்தியிருந்தார்.

தீத்தாரப்பன் கியரில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அங்கன உக்காந்தா எல்லாருக்கும் தெரியுமே" என்றார் தணிந்த குரலில்.

"தெரியட்டும்" என்றாள் வடிவு. "நேரமாச்சு, எடுங்க."

அவர் வண்டியை எடுத்தார். பின்னால் மாசானம், ஒரு பல் இல்லாத இடைவெளி வழியாகக் காற்றுப் போக, தேவைக்கு அதிகமாக இரண்டு விசில் கொடுத்தார். கரிசலையும் ஓடைப்பாலத்தையும் தாண்டி, மூன்று நாற்பதுக்குப் பஸ் பள்ளிக்கூட வளைவில் திரும்பியது. மதில்மேல் முப்பிடாதி ஏற்கெனவே ஏறி நின்றிருந்தாள். அப்பாவைக் கண்டதும் வலது கையைத் தூக்கி ஆட்டினாள். கண்ணாடிக்குள்ளிருந்து அப்பாவின் கை ஆடியது. அவருக்குப் பக்கத்தில், தயங்கித் தயங்கி, இன்னொரு கை எழுந்து ஆடியது. முப்பிடாதி ஒரு நொடி ஆட்டுவதை நிறுத்திவிட்டு அந்த இரண்டாவது கையை உற்றுப் பார்த்தாள். பிறகு, மதிலில் விழுந்துவிடாமல் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, தன் இடது கையையும் தூக்கினாள்.